‘இருந்தது’ என்ற சொல்

இங்கிலாந்தில் உள்ள எங்கள் ஆஷ்கோம்ப் ஊரில் யாரும் யாரையும் ‘வெளியே போ’ என்று சொல்லமாட்டார்கள். அது மரியாதைக் குறைவு. பிரியமாக நாலு வார்த்தை சொல்வார்கள். புரிந்துகொண்டு எழுந்து போவது கேட்பவர் பொறுப்பு. நான் இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தே ஓய்வு பெற்றவள். இந்தப் பேச்செல்லாம் எனக்குப் புதிதில்லை. ஆனால் போன வசந்தத்தில்தான் அதன் முழு அர்த்தம் எனக்கு உறைத்தது.

உக்ரைன்காரர்கள் வந்த நாளிலிருந்து வியாழக்கிழமைதோறும் தேவாலயக் கூடத்தில் நான்தான் தேநீர் போடுகிறேன். போருக்குத் தப்பி வந்தவர்களும் வருவார்கள், அவர்களுக்குத் தங்கள் வீட்டில் இடம் கொடுத்தவர்களும் வருவார்கள். யாருக்குப் பல்வலி, யாருக்குக் குளிர் கோட்டு வேண்டும், எந்த வீட்டில் அடுப்படிச் சண்டை என்பதெல்லாம் அந்தத் தேநீர் அண்டாவைச் சுற்றித்தான் பேசித் தீரும்.

ஹலினா தன் ஊரான மிக்கோலாயிவில் டிராம் ஓட்டியவள். இங்கே முதியோர் இல்லத்தில் பாத்திரம் கழுவுகிறாள். மகள் சோலோமியாவோடு ஒரு வருஷத்துக்கு மேலாக பிப்பா ஹாலிவெல் வீட்டின் கீழ்த்தள அறையில் இருந்தாள். பிப்பாவை இந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. அகதிகளுக்கு இடம் கொடுக்க முதலில் கை தூக்கியது அவள்தான். மாடி ஜன்னலில் நீலமும் மஞ்சளுமாக ஜன்னலைவிடப் பெரிய உக்ரைன் கொடி கட்டினாள். கோட்டில் அந்த நாட்டுச் சூரியகாந்திப் பூ குத்திக்கொள்ளாமல் காய்கறி வாங்கக்கூடப் போகமாட்டாள்.

அந்த வியாழக்கிழமை ஹலினா சிரித்த முகமாக வந்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். என்னை எப்போதும் ‘பானி’ போட்டுத்தான் கூப்பிடுவாள்; அவர்கள் மொழியில் ‘அம்மா’ மாதிரி ஒரு மரியாதைச் சொல் அது.

“பானி டோரீன், நேத்து பிப்பா எங்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? கையப் புடிச்சுக்கிட்டு, ‘ஹலினா, நீங்க ரெண்டு பேரும் எங்ககூட இருந்தது எங்களுக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தது தெரியுமா?’ன்னாங்க. அவங்களுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எனக்கும் அழுகை வந்துடுச்சு. இங்க வந்து யாரும் எங்கிட்ட இப்படிச் சொன்னதில்ல. உடனே கடைக்கு ஓடிப்போய் தேன் வாங்கியாந்து, அடுக்கு அடுக்கா ஒரு கேக் செஞ்சு குடுத்தேன்.”

கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

“‘இருந்தது’ன்னா சொன்னாங்க?”

“ஆமா.”

“வேற ஏதாவது சொன்னாங்களா?”

“‘அவசரமே இல்ல, உங்க வசதிப்படி பாத்துக்கலாம்’னாங்க. எதுக்கு அவசரமில்லன்னுதான் புரியல. கேக்குக்கா இருக்கும்னு நெனச்சேன்.”

எங்கள் ஊர்க்காரர் எவரிடமாவது இதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பார். இலக்கணத்தில் அதற்கு இறந்த காலம் என்று பெயர் வைத்தவன் தெரிந்துதான் வைத்திருக்கிறான். பாவம், ஹலினாவுக்கு இங்கிலீஷ் தெரியும், இங்கிலீஷ்காரர்களைத் தெரியாது. அவளிடம் அப்போது எதுவும் சொல்லாமல், பாத்திரங்களைக்கூடக் கழுவாமல் நேராகப் பிப்பா வீட்டுக்குப் போனேன்.

சும்மா ஒரு அறைக்காக நான் ஓடவில்லை. சோலோமியாவுக்குப் பள்ளி இறுதித் தேர்வு வரப்போகிறது. அறை போனால் நகராட்சி அவர்களை நாற்பது மைல் தள்ளி ஏதாவது ஒரு ஓட்டலில் கொண்டுபோய்ப் போடும். தேர்வு நெருங்கும் நேரத்தில் எந்தப் பள்ளியும் புதுப் பிள்ளையைச் சேர்க்காது. ஏற்கெனவே குண்டுக்குப் பயந்து நிலவறையில் ஒரு வருஷப் படிப்பைத் தொலைத்த பெண் அவள். இதையும் தொலைத்தால் பிறகு புத்தகத்தைத் தொடமாட்டாள் என்று ஹலினா என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

“டோரீன் கண்ணு! உள்ள வா, உள்ள வா. ஷூவக் கழட்ட வேண்டாம், ஹலினா தொடச்சுக்குவா,” என்றாள் பிப்பா.

சோபாவில் அவளுடைய நாய் பிராம்பிள் பெருத்த வயிற்றோடு படுத்திருந்தது. மேசைமேல் ஹலினாவின் கேக், பாதி தின்றபடி.

“பாத்தியா, எவ்வளவு நாசூக்கான பொம்பள! எப்படிச் சொல்றதுன்னு நான் தூக்கமில்லாம தவிச்சேன். சொன்ன அன்னிக்கே கேக் செஞ்சு கொண்டாந்து வெக்கிறா. விடை வாங்கிக்கிற கேக்! அவங்க நாட்டு வழக்கம் போல.”

“பிப்பா, நீ என்ன சொன்னன்னே அவளுக்குப் புரியல. அவமேல பாசமா இருக்கன்னு நெனச்சு கேக் செஞ்சிருக்கா.”

“பாசமாத்தானே இருக்கேன்!”

“அப்புறம் ஏன் போகச் சொல்ற?”

“நான் எங்க போகச் சொன்னேன்?” பிப்பா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “அந்த மாதிரி வார்த்தை என் வாயில வருமா? நீயே சொல்லு.”

வராதுதான். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்றால் இதுதான். வாழைப்பழத்துக்குக் கூட வலித்திருக்காது.

“அறை எதுக்கு வேணும் உனக்கு?”

“பிராம்பிளுக்கு நாள் நெருங்கிடுச்சு. குட்டி போட அமைதியான எடமா வேணும்னு டாக்டர் சொல்லிட்டார். கீழ் அறையிலதான் தோட்டத்துக் கதவு இருக்கு, வெயில் வருது. பாவம், அவளுக்கு மொதப் பிரசவம்.”

நாய் என்னைப் பார்த்து வாலாட்டியது. அதன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த வீட்டில் மனசில் உள்ளதை உள்ளபடி காட்டுகிற ஜீவன் அது ஒன்றுதான்.

“அந்தப் பொண்ணுக்குப் பரீட்சை வருதேம்மா.”

“எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அவ கெட்டிக்காரி, எங்க போனாலும் சமாளிச்சுக்குவா. இவங்களே அப்படித்தான், எதையும் தாங்குறவங்க. எனக்கு அதப் பாத்தா மெய் சிலிர்க்கும்.”

அடிபட்டவன் தாங்குகிறான் என்று மெச்சிக்கொண்டே இன்னொரு அடி அடிப்பதற்குத் தனியாக ஒரு மனசு வேண்டும்.

“நீயே அவளுக்குப் பக்குவமா எடுத்துச் சொல்லிடேன்,” என்றாள். “இவங்ககிட்ட பேசுற வித்தை உனக்குத்தான் வரும். ஆனா சனிக்கிழமை விழா முடியட்டும், என்ன? முன்னாடியே சொன்னா ஒரு மாதிரி சங்கடமாப் போயிடும். அப்புறம், அவங்க நாட்டுப் பூவேலைச் சட்டையக் கட்டாயம் போட்டுக்கச் சொல்லு. போட்டோவுல எடுப்பா இருக்கும்.”

சனிக்கிழமை மத்தியானம் தேவாலயக் கூடத்தில் தேநீர் விருந்து. இடம் கொடுத்த குடும்பங்களுக்கு மேயர் கேடயம் கொடுக்கப்போகிறார். எல்லோர் சார்பிலும் பிப்பா பேசுவாள், அகதிகள் சார்பில் ஹலினா நன்றி சொல்வாள். ஏற்பாட்டுக் குழுவில் நானும் ஒருத்தி என்று நினைக்கையில் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

“கேக் ஒரு துண்டு எடுத்துக்கோயேன். கொஞ்சம் திகட்டும்,” என்றாள் பிப்பா. என்னால் அதை வாயருகே கொண்டுபோக முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். நாலு படுக்கையறை காலியாகக் கிடக்கிற த்வெய்ட் தம்பதி, “எங்களுக்கு ஆசையோ ஆசை டோரீன், ஆனா அறை பூரா சாமானா அடைஞ்சு கெடக்கு” என்றார்கள். இன்னொருத்தி, “நல்ல யோசனை, மனசுல வச்சுக்கறேன்” என்றாள். அவள் மனசில் வைத்தது எதுவும் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. பாதிரியார் ஜெபிப்பதாகச் சொன்னார். ‘முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒரு நாதி இல்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள்தான் என்று வந்த அன்றே சொல்லித் தொலைத்திருந்தாலாவது அந்தப் பெண்கள் வேறு ஊர் பார்த்திருப்பார்கள்.

மிச்சமிருந்தது எங்கள் வீடு. சின்ன வீடு. உபரியாக உள்ள ஒரே அறை என் புருஷன் ரானின் பொம்மை ரயில்களுக்கு. தண்டவாளம், சுரங்கம், ஸ்டேஷன் என்று அது ஒரு தனி ராஜ்யம்.

“அவங்க வந்தா என் ரயிலு?” என்றான்.

“பரணுக்குப் போகும்.”

“எத்தனை நாளைக்கு?”

“தெரியாது.”

ரொட்டியை நெடுநேரம் மென்றான். “பரண்ல ஈரம். கட்டிலுக்கு அடியில வச்சுக்கறேன்,” என்றான். இத்தனை வருஷ வாழ்க்கையில் அவன் எனக்குச் சொன்ன பிரியமான வார்த்தை அதுதான்.

வெள்ளிக்கிழமை முதியோர் இல்லத்தின் பின்பக்கம், வேலை முடிந்து வந்த ஹலினாவைப் பெஞ்சில் உட்காரவைத்தேன். விழா முடியும்வரை காத்திருக்கச் சொன்னாள் அல்லவா பிப்பா? என்னால் அவ்வளவு நாகரிகமாக இருக்க முடியவில்லை. ‘இருந்தது’ என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று உடைத்துச் சொன்னேன். நாயையும் மறைக்கவில்லை.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“‘அவசரமே இல்ல’ன்னாங்களே?”

“சீக்கிரம்னு அர்த்தம்.”

“போன மாசம், ‘அடுப்படிய உங்க இஷ்டம்போல பொழங்குங்க, நாங்க சமைக்காத நேரத்துல’ன்னாங்க?”

“வராதீங்கன்னு அர்த்தம்.”

“‘உங்க சாப்பாட்டு வாசனை ரொம்ப விசேஷமா இருக்கு’?”

“நாறுதுன்னு அர்த்தம்.”

“‘சோலோமியா எவ்வளவு கலகலப்பான பொண்ணு’?”

“சத்தம் தாங்கலன்னு.”

ஈரத்தில் வெளிறிப்போன தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஹலினா. “அவங்க சொன்னதையெல்லாம் எங்கம்மாவுக்குப் போன்ல சொன்னேன், பானி டோரீன். ஒண்ணு விடாம சொன்னேன். அங்க குழாயில உப்புத் தண்ணி வருது. ‘எம் பொண்ணும் பேத்தியும் நல்ல மனுஷங்ககிட்ட இருக்காங்க’ன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கு அந்தக் கெழவி.”

“எங்க வீட்டுக்கு வந்துடுங்க,” என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். “இதுக்கு என்ன அர்த்தம்?” என்றாள்.

அந்தக் கேள்வி எங்கள் ஊரின் முகத்தில் துப்பிய எச்சில். எனக்கும் சேர்த்துத்தான். துடைத்துக்கொண்டு சொன்னேன்.

“அறை சின்னது, ரெண்டு பேர் படுத்தா கதவு பாதிதான் தெறக்கும். எம் புருஷன் கொறட்டை விடுவான். எனக்கு முன்கோபம், ஒரு வாரத்துல உங்கமேல எரிஞ்சு விழுவேன். பரீட்சை முடியுற வரைக்கும் மட்டுமில்ல, உங்களுக்குன்னு ஒரு வீடு கெடைக்குற வரைக்கும் இருக்கலாம். போகணும்னா போன்னு சொல்லுவேன். வாங்கன்னா வாங்கன்னுதான் அர்த்தம்.”

“குழம்பு நாறுமே?”

“ஜன்னலத் தெறந்து வெப்பேன்.”

ஹலினா என் தோளில் சாய்ந்து அழுதாள். இந்தத் தடவை அழுகைக்குக் காரணம் எனக்குச் சரியாகப் புரிந்தது.

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. மேயர் கழுத்தில் பதவிச் சங்கிலியோடு வந்து கேடயம் கொடுத்தார். பிப்பா மேடையேறி, வீட்டுக் கதவைத் திறப்பதற்கு முன்னால் மனக்கதவைத் திறக்க வேண்டும் என்றாள். தன் வாழ்க்கையே மாறிவிட்டது என்றாள். சரியான இடம் பார்த்துக் குரலும் தழுதழுத்தது. பின்வரிசையில் நான் சாண்ட்விச் தட்டைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்து ஹலினா ஏறினாள். பிப்பா ஆசைப்பட்டபடி பூவேலைச் சட்டை. கையில் காகிதம் இல்லை.

“பிப்பா,” என்றாள் நிதானமாக. “உங்க வீட்ல இருந்தது எங்களுக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தது தெரியுமா? நீங்க சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு இப்ப நல்லாப் புரியுது. நீங்களும் ஒரு நாள் எங்க ஊருக்கு வரணும். அவசரமே இல்ல. உங்க வசதிப்படி.”

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. மேயர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். போட்டோக்காரன் ஹலினாவையும் பிப்பாவையும் கட்டிப்பிடிக்கச் சொல்லி எடுத்தான். ஹலினா சிரித்துக்கொண்டே நின்றாள். எங்கள் ஊர்ச் சிரிப்பு அது, ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிட்டாள்.

பிப்பா கேடயத்தை இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். கண்ணில் நிஜமாகவே ஈரம்.

“எவ்வளவு அழகாப் பேசினா! நான்தான் சொன்னேனே, அவளுக்கு எல்லாம் புரியும்னு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஆனா டோரீன், அறைய எப்ப ஒழிச்சுக் குடுப்பான்னு கேட்டுச் சொல்றியா? பிராம்பிள் நேத்துலேர்ந்து பாயப் பிராண்டுது.”

“ஒழிச்சாச்சு பிப்பா. நீ தலை அலங்காரம் பண்ணப் போயிருந்தப்பவே ரான் கார்ல சாமானெல்லாம் ஏத்திட்டான். ஹலினா அறையத் துடைச்சு, சாவிய மேசைல வச்சிருக்கா.”

பிப்பாவின் முகம் வாடிவிட்டது. மனசு புண்பட்டுப்போன முகம் அது, நடிப்பில்லை.

“ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே?”

“இப்பத்தானே மேடையில சொன்னா,” என்றேன். “உனக்குப் புரியலையா?”