அண்ணன் பழகிய சிங்களம்

ஆமிக்காரர் சோதிக்கும் சென்றியில் எல்லாரும் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துதான் கடக்கவேண்டும். கிழவன், பிள்ளைத்தாய்ச்சி என்ற பேதமில்லை. அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்ததிலிருந்து இடது பாதம் தொங்கி, பெருவிரல் நிலத்தில் இழுபட்டது. என் அண்ணன் தங்கத்துரைதான் அவரை முதுகில் சுமந்து கடத்துவான். அந்த வெட்கத்தில் அப்பா எங்கள் ஊரான பாலையூற்றை விட்டு வெளிக்கிடுவதையே நிறுத்திவிட்டார்.

அவரை நடக்கவைக்க ஒரு மெஷினைத் தேடிப் பிடித்தது நான். எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான்தான். அதற்கு இந்த ஒரு பிரயோசனமாவது இருக்கட்டும். டவுனில் வெளிநாட்டுக்காரர் நடத்திய கிளினிக்கில் வேலைசெய்த ஸல்ஹா அதை அப்பாவுக்குக் கட்டிவிட்டாள். இடுப்பில் சின்னப் பெட்டி, அதிலிருந்து முழங்காலுக்குக் கீழே வயர், செருப்புக்குள் சுவிட்ச். குதிக்கால் எழும்பினால் நரம்புக்கு மெல்லிய கரண்ட் போகும், பாதம் தானாக மேலே தூக்கும்.

"கரண்ட் எண்டு வெளிய சொல்லிராதீங்க, ஐயா" என்றாள் ஸல்ஹா. "வைத்திய மெஷின் எண்டு சொல்லுங்க. ஆமி பறிச்சிட்டா வேற இல்ல, எங்கட்ட இருக்கிறதே இது ஒண்டுதான்."

அப்பா முற்றத்தில் நடந்தார். "எறும்பு கடிக்கிற மாதிரிக் கிடக்கு" என்று கோணல் வாயால் சிரித்தார்.

அடுத்த முறை கிளினிக்குக்குத் தன் காலாலேயே போவேன் என்று நின்றார். இடுப்பில் பெட்டியும் சாரத்துக்குள் வயருமாக ஒரு தமிழன் சென்றியைக் கடப்பதென்றால் சும்மாவா? குண்டென்றே நினைப்பார்கள். அண்ணன் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன், சிங்களம் தண்ணீர் மாதிரி வரும்.

"நீ படிச்சனி எண்டு இங்கிலிசில தொடங்கி எல்லாரையும் உள்ளுக்குப் போடப் பண்ணாத. நான் கதைக்கிறன்" என்றான்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. அப்பா ஆமிக்காரனாக ஊன்றுகோலைத் துவக்காகப் பிடித்துக்கொண்டு, "மொக்கத மே?", இது என்ன, என்று அண்ணனை மிரட்டுவார். "மேக்க பெஹெத் மெஷின் எக்கக், மாத்தயா" என்று அண்ணன் குனிவான். இது வைத்திய மெஷின், ஐயா. அம்மாகூட அந்த வசனத்தைப் பாடமாக்கிவிட்டாள்.

அன்றைக்கு அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி, வெள்ளைச் சேட்டோடு வரிசையில் நடந்தார். பாதம் அழகாகத் தூக்கியது. ஆமிக்காரன் இடுப்பைத் தடவினான். கை நின்றது. சாரத்தை விலக்கி வயரைக் கண்டதும் பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினான்.

"மொக்கத மே?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார்.

"மம தன்னே நே" என்றான் அண்ணன். எனக்குத் தெரியாது. கையை உயர்த்திக்கொண்டு, அப்பாவை விட்டு ஓரடி விலகியும் நின்றான்.

நான் கத்தினேன். பாடமான அந்த வசனத்தையே கத்தினேன். ஆனால் மகன் தெரியாது என்கிறான், மகள் மருந்து என்கிறாள். அவன் எதை நம்புவான்? அப்பாவும் பதற்றத்தில் வாய் குழறி, "பெ... பெ..." என்று நாக்கோடு மல்லுக்கட்டினார். ஆமிக்காரன் ஒருவன் அந்தச் சத்தத்தைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தான்.

பெட்டியைக் கழற்றி மண்மூட்டைக்கு அப்பால் வைக்கச் சொன்னார்கள். வயர் அறுந்தது. பிறகு, பெட்டியைத் திருப்பித் தராமலே, போ என்று கையைக் காட்டினார்கள். அப்பா ஓரடி வைத்தார். பெருவிரல் தாரில் கொளுவ, முகம் குப்புற விழுந்தார்.

அண்ணன் ஓடிவந்து குந்தினான். "ஏறுங்கோ அப்பா. உயிர் தப்பினதே பெரிய காரியம்."

"ஏன்டா அப்பிடிச் சொன்னனி?" என்று கேட்டேன்.

"உனக்கென்னடி தெரியும்? பிடிச்சா ஆம்பிளையளைத்தான் கொண்டுபோவாங்கள்."

"அப்பா ஆம்பிளை இல்லையா?"

அவன் முதுகை இன்னும் தாழ்த்திக் காட்டினான்.

"ஏறாதேங்கோ அப்பா" என்றேன். "நான் பிடிக்கிறன். மெல்ல நடப்பம்."

அப்பா என்னைப் பார்த்தார். சேட்டில் இரத்தம். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவர் அண்ணனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏறினார்.

செருப்பைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் போனேன். உள்ளே சுவிட்ச் இன்னும் ஒட்டியிருந்தது. அண்ணன் எட்டுவைக்கும்போதெல்லாம் அந்த இடது பாதம் அவன் தொடையில் இடித்தது. இடிக்கட்டும் என்று நினைத்தேன்.