பொது மன்றாட்டு

"பொதுவா எழுதுங்க டீச்சர்" என்றார் பாதர். அந்த வார்த்தை மேல் எனக்கு வந்த கோபம் இன்றுவரை இறங்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் போனில் சொன்னார். நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவள். வேலைக்குப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பதால் எல்லாருக்கும் பிலோமினா டீச்சர். எங்கள் சின்னக் கோயிலில் மாதத்துக்கு ஒரு தமிழ்ப் பூசை. அதை வைக்க டவுனிலிருந்து வருகிற பாதர் சிங்களவர். தமிழ் ஓரளவு பேசுவார், எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆகவே மன்றாட்டுகளை நான் சிங்கள எழுத்தில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். வார்த்தை தமிழ், எழுத்து சிங்களம். அவர் அதை அச்செடுத்து வந்து பூசையில் வாசிப்பார். அவருடைய தமிழ் எந்த இடத்தில் முடிகிறது என்று சனங்களுக்குப் பிடிபடாது. அதனால் ஒவ்வொரு மன்றாட்டின் முடிவிலும் நான் பக்கத்தில் நின்று "ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்" என்று எடுத்துக்கொடுப்பேன். அப்போதுதான் எல்லாரும் பதில் சொல்வார்கள்.

அந்த மாதம் நான் எழுதி அனுப்பிய நாலாவது மன்றாட்டு இதுதான்: ஏழாம் நம்பர் மலையில் குளவி கொட்டி இறந்த எங்கள் சகோதரி லூர்தம்மாவுக்காகவும், அந்தக் கூடு இன்னும் அங்கேயே இருக்க, திங்கட்கிழமை அதே மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்களுக்காகவும், மூன்று தரம் சொல்லியும் கேட்காதவர்களின் மனம் திரும்பவும்.

"இது பொது மன்றாட்டு நே" என்றார் பாதர். 'இல்லையா' என்கிற அந்தச் சிங்கள 'நே' அவர் தமிழிலும் ஒட்டிக்கொண்டு வரும். "பொது எண்டா பொதுவா இருக்கணும். ஒரு ஆள்ட பேர், ஒரு மலைட நம்பர், இதெல்லாம் வேணாம். விபத்துல செத்த எல்லாருக்காகவும்னு போடுங்க."

"அது விபத்து இல்ல பாதர்."

"தொரை முன்னுக்கு இருக்கிறார் டீச்சர். அவருக்கு மனசு நோகும் நே. அடுத்த மாசம் லூர்தம்மாட பேர் சொல்லி தனியா ஒரு பூசை வைப்போம்."

அடுத்த மாதம் தொரை கொழும்பில் பிள்ளைகளைப் பார்க்கப் போயிருப்பார். அதுவும் பாதருக்குத் தெரியும்.

தொரை எங்கள் தோட்டத்து மேனேஜர். கத்தோலிக்கர். கோயில் கூரைக்குத் தகரம் போட்டுக் கொடுத்தவர், மணி வாங்கிக் கொடுத்தவர். அதற்காக முன்வரிசையில் குஷன் வைத்த நாற்காலி அவருக்கு. எங்களுக்கு நீள மர வாங்கு. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, யார் எதில் உட்கார்ந்தாலும் பூசை ஒன்றுதான். ஆனால் அந்த மனிதனின் மனசு நோகக்கூடாது என்பதற்காக ஒருத்தியின் பெயரை ஆண்டவரிடம் சொல்லாமல் மறைக்க வேண்டும் என்றால், என் வயிறு எரியாதா?

குளவிக்கூட்டைப் பற்றி முதலில் கங்காணியிடம் சொன்னார்கள். பிறகு கணக்கப்பிள்ளையிடம். மூன்றாம் தரம் லூர்தம்மாவே தொரையின் ஜீப்பை மறித்து நின்று சொன்னாள். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியபடியே, "தொரைங்களே, அந்தப் பலா மரத்துல கூடு பெருசாகிருச்சுங்க, பயமா இருக்குங்க" என்றாள். தொரைக்கு எங்கள் தமிழ் எங்களை விட நன்றாக வரும். "குளவி என்ன ஒன்னையவா பாத்துக்கிட்டு இருக்கு? கைய ஆட்டாம கொழுந்தெடு" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். லூர்தம்மாவும் சிரித்திருப்பாள். தொரை பகிடி விட்டால் சிரிக்கத்தானே வேண்டும்.

நாலாம் நாள் புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கூடு கலைந்தது. மற்றவர்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் போர்த்திக்கொண்டு தேயிலைக்கு அடியில் படுத்துவிட்டார்கள். லூர்தம்மா தன் சாக்கை என் மகள் தனுஜா மேல் போட்டுவிட்டாள். தனுஜா வேலைக்குப் பேர் பதிந்து அப்போது இரண்டு மாதம்தான். கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே லூர்தம்மா முடிந்துபோனாள். முகம் வீங்கி ஆளையே அடையாளம் தெரியவில்லை. நான்தான் குளிப்பாட்டினேன். காதுக்குள் இருந்துகூட ஒரு குளவியை எடுத்தேன்.

இதைத்தான் பொதுவாக எழுதச் சொன்னார்.

எழுதினேன். பொய் சொல்லி நல்லவளாக நான் விரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இந்தக் கையாலேயே லூர்தம்மாவின் பெயரை வெட்டிவிட்டு, 'விபத்துகளில் இறந்த அனைவருக்காகவும்' என்று சிங்கள எழுத்தில் எழுதி அனுப்பினேன். பிள்ளைக் காம்பரா வேலை தோட்டத்து வேலை. வீடு தோட்டத்துக்குச் சொந்தமான லயத்து அறை. பயம் எனக்கும் உண்டு. தனுஜா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல அத்தை பேரு இல்லயேம்மா" என்றாள். "அடுத்த மாசம் வரும்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். போட்ட சோற்றை நான் அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. லூர்தம்மாவின் புருஷன் நாகலிங்கம் அண்ணன் இந்து. கலியாணம் முடித்த இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரு நாளும் கோயிலுக்குள் வந்ததில்லை. ஒவ்வொரு பூசைக்கும் மனைவியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே கொய்யா மரத்தடியில் குடையோடு நிற்பார். அந்தக் கிழமை, பாதர் போன் பண்ணுவதற்கு முன்பே, என்னைத் தேடி வந்து, "டீச்சர், இந்தப் பூசையில அவ பேரு சொல்லுவாங்களா?" என்று கேட்டார். "கட்டாயம் சொல்லுவாங்க அண்ணே" என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டு முதல் தடவையாகக் கோயிலுக்குள் வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தார். அவரைக் கண்டதும் அவர் பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்தேன். போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது.

பாவ அறிக்கை சொல்லும்போது 'கடமையில் தவறியதாலும்' என்ற இடம் வரும். செய்தது மட்டுமா பாவம், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதும் பாவம் என்று பிள்ளைகளுக்கு நான் வருஷக்கணக்காகப் படிப்பிக்கிற இடம். தொரை மற்றவர்களைப் போலவே கண்ணை மூடி மார்பில் தட்டினார். சட்டை கசங்காத தட்டு. உனக்கு எப்படிடா அந்த வார்த்தை வாயில் வருகிறது என்று மனதுக்குள் கேட்டேன். கேட்ட கையோடு என் கையும் என் மார்பில் இருந்ததைக் கண்டேன். எனக்கு மட்டும் எப்படி வந்தது?

மன்றாட்டு நேரம் வந்தது. திருச்சபைக்காக, நாட்டுக்காக, நோயாளிகளுக்காக என்று பாதர் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நான் எடுத்துக்கொடுத்தேன், சனங்கள் பதில் சொன்னார்கள். நாலாவது: "விபத்துகளில் இறந்த அனைவருக்காகவும், அவர்களின் ஆன்மா சாந்தியடைய…" நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. எடுத்துக்கொடுக்க ஆள் இல்லாததால் சனங்களும் பேசாமல் நின்றார்கள்.

அந்த இடைவெளியில் நாகலிங்கம் அண்ணன் எழுந்தார்.

"சாமி, பேரு சொல்லலயே" என்றார்.

அதில் சண்டை இல்லை, குறை இல்லை. பிள்ளையார் கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தால் ஐயர் பேர் என்ன, நட்சத்திரம் என்ன என்று கேட்பார். பேர் சொல்லாத அர்ச்சனை யாருக்குப் போய்ச் சேரும்? பாதர் கேட்க மறந்துவிட்டார் என்றுதான் அந்த மனிதன் நினைத்தார். உதவி செய்கிற மாதிரித்தான் சொன்னார்.

"பேரு லூர்தம்மா, சாமி. நட்சத்திரம் தெரியாதுங்க, அவங்க வீட்டுல பாக்கமாட்டாங்க. ஏழாம் நம்பர் மலை."

பாதர் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். இந்த வரி அதில் எங்கே இருக்கிறது என்று தேடினாரோ என்னவோ.

அண்ணன் கைகூப்பியபடி தொடர்ந்து சொன்னார். வேண்டுதல் என்றால் என்ன வேண்டும் என்பதையும் சொல்லத்தானே வேண்டும். "அவளுக்கு ஒன்னும் வேணாங்க, அவ போயிட்டா. அந்தப் பலா மரத்துல கூடு இன்னும் அப்படியே இருக்கு. நாளக்கிப் பொம்பளப் புள்ளைங்க அங்கதான் போறாங்க. அத எடுத்துரணும், சாமி. அவ்வளவுதாங்க."

எங்கள் சனம் பாதரையும் சாமி என்றுதான் சொல்வோம், கடவுளையும் சாமி என்றுதான் சொல்வோம். அண்ணன் கடவுளிடம்தான் பேசினார். பாதர் தன்னிடம் பேசுவதாக நினைத்துச் சிவந்துபோனார். தன்னிடம் யாரும் பேசவில்லை என்ற மாதிரி தொரை பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய பிடரி விறைத்துப்போனது எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தமிழ் நன்றாக விளங்கும்.

"ஹரி, ஹரி. வாடிவென்ன" என்றார் பாதர் மெதுவாக. சரி, உட்காருங்கள் என்று. பிறகு என்னைப் பார்த்துக் கண்ணால் அடுத்ததற்குப் போகச் சொன்னார்.

போயிருக்கலாம். அடுத்த மன்றாட்டு மழைக்காக. என் மகள் பெண்கள் பக்கம் மூன்றாவது வாங்கில் நின்றாள். அவளுடைய கழுத்தில் குளவி கொட்டிய ஒரே ஒரு தழும்பு. அந்த ஒரே கொட்டோடு அவள் தப்பியதற்குக் காரணமானவள் பெயரை நான் வெட்டியிருந்தேன்.

"இதற்காக, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்" என்றேன்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

திருவிழாவுக்குக்கூட எங்கள் கோயில் அப்படிப் பதில் சொன்னதில்லை. தொரை வாங்கிக் கொடுத்த தகரம் அதிர்ந்தது. ஜீப்பை மறித்த அன்று சிரித்த பெண்கள்தான் எல்லாரிலும் சத்தமாகச் சொன்னார்கள். அண்ணனுக்கு இந்தப் பதில் வழக்கம் தெரியாது. தன் ஒருவன் வேண்டுதலுக்கு இத்தனை பேர் வாய்விட்டுச் சொல்வதைக் கேட்டு மிரண்டுபோய் உட்கார்ந்தார்.

பூசை முடிந்ததும் தொரை தேநீருக்கு நிற்காமல் போய்விட்டார். பாதர் தான் உடுப்பு மாற்றும் அறைக்கு என்னை அழைத்தார். பூசை உடுப்பைக் கழற்றாமலே நின்றார்.

"டீச்சர், நான் பொதுவா எண்டு சொன்னேன் நே."

"பொதுன்னா என்ன பாதர்?" என்றேன். "எங்க தோட்டத்துல பொதுக் குழாய்னா, லயத்துல இருக்கிற எல்லாரும் தண்ணி பிடிக்கிற குழாய். யாருக்கும் தண்ணி வராத குழாய் இல்ல. எல்லாரும் சேந்து கேட்டாங்களே, அதுதான் பொது. நீங்க எழுதச் சொன்னது யாருக்காகவும் இல்ல."

அவர் நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். மழையிலும் மோட்டார் சைக்கிளில் வந்து நோயாளிகளுக்கு நற்கருணை கொடுப்பார். நான் சொன்னதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்தும் என் கோபம் தணியவில்லை. நல்ல மனிதர்கள்தான் எங்களிடம் இதையெல்லாம் எழுதச் சொல்கிறார்கள்.

அன்று பொழுது சாய்கிற நேரம் தோட்டத்து டிராக்டரில், கீழ்க் கிராமத்தில் தேன் எடுக்கிற ஒருவர் வந்தார். கணக்கப்பிள்ளையும் கூட வந்தார். யார் அனுப்பியது என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் ரோட்டில் தூரமாக நின்று பார்த்தோம். அந்த மனிதர் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஏணியில் ஏறினார். புகை போட்டார், கூட்டைச் சாக்குக்குள் இறக்கி வாயைக் கட்டினார், இறங்கி வந்து வெற்றிலை கேட்டார். தனுஜா மடித்துக் கொடுத்தாள்.

நாகலிங்கம் அண்ணன் என் பக்கத்தில் குடையோடு நின்றார். மழை இல்லை. பழக்கம்.

"எவ்வளவு நேரம் ஆச்சு டீச்சர்?" என்று கேட்டார்.

போனைப் பார்த்தேன். "அரை மணி நேரம் அண்ணே."

"அரை மணி நேரமா?" என்றார். மறுபடியும், "அரை மணி நேரந்தானா?" என்றார். அப்படியே ரோட்டோரத்தில் குந்திவிட்டார். செத்த வீட்டில் அழாத மனிதன் அங்கே குந்தி அழுதார்.

வீட்டுக்கு வந்தபோது பாதரின் செய்தி வந்திருந்தது. கடவுளுக்கு நன்றி, கூட்டை எடுத்துவிட்டதாகத் தொரை போன் பண்ணினார், அடுத்த மாதம் அவருக்காக ஒரு நன்றி மன்றாட்டு எழுதி அனுப்புங்கள் டீச்சர் என்று இருந்தது.

அப்போதே உட்கார்ந்து எழுதினேன், சிங்கள எழுத்தில், அவர் ஒரு வார்த்தையும் தடுக்காமல் வாசிக்கும்படி பெரிது பெரிதாக: 'அரை மணி நேர வேலையைச் செய்யாமல் விட்டதால் செத்துப்போன லூர்தம்மாவுக்காக.' போட்டோ எடுத்து அனுப்பினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன். 'இதில் ஒரு சொல்லை வெட்டுவதென்றாலும் நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள் பாதர். என் கை வெட்டாது.'

இரண்டு நீலக் கோடு விழுந்தது, பார்த்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை.