பலகைத் தடுப்பும் பைன் தோப்பும்

“கேப்டன்கிட்ட கேட்டுட்டேன். நீயும் வரலாமாம்.”

“எங்க?”

“கப்பல்லதான். ஆபீசர் பெண்சாதி ஒரு பயணம் கூட வரலாம்லா. ஜப்பான் வரைக்கும்.”

“மெதுவாப் பேசுங்க. அக்கா காதுல விழும்.”

“விழட்டுமே. உன்னைக் கடத்திக்கிட்டா போறேன்?”

ஜாலான் புசாரில், கீழே கடையுள்ள வீட்டு மாடியில், புருஷன் சேதுபதியோடு நடந்த அந்தப் பேச்சைச் சிவகாமசுந்தரி கப்பலில் பல தடவை நினைத்துப் பார்த்தாள். மாடியை இரண்டாகப் பிரித்த பலகைத் தடுப்புக்கு அந்தப்புறம் ஓரகத்தி பாக்கியலட்சுமி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் பொல்லாதவள் அல்ல. தாயில்லாத சேதுபதியைச் சோறூட்டி வளர்த்த அண்ணி. இந்தப்புறம் யாராவது இருமினால், “சுந்தரி, கசாயம் வைக்கட்டுமா?” என்று அந்தப்புறமிருந்து குரல் வரும். சேதுபதி கப்பலில் ரேடியோ ஆபீசர்; வருஷத்தில் பாதி கடலில். மீதி நாள்களில் புருஷனும் பெண்சாதியும் பேசியதெல்லாம் கிசுகிசுப்புதான்.

கிசுகிசுப்பிலும் சொல்ல முடியாதது ஒன்று இருந்தது. அதே ஊரில் தோ பாயோ என்ற பகுதியில் அரசாங்கம் அடுக்குமாடி வீடுகள் கட்டிக்கொண்டிருந்தது. தனியாகப் போய்விடலாமா என்று கேட்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஆசை. கேட்டால் அண்ணியை உதறச் சொன்னதாகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

கப்பல் ஜப்பானின் ஷிமிசு துறைமுகத்தில் நின்றபோது சேதுபதி அவளை மிஹோ கடற்கரைக்குப் பஸ்ஸில் அழைத்துப்போனான். கறுத்த மணல். கரை நெடுக ஆயிரக்கணக்கில் பழைய பைன் மரங்கள், காற்று தள்ளிய பக்கமே சாய்ந்து வளர்ந்திருந்தன. பூஜி மலையை மேகம் மூடியிருந்தது. சற்றுத் தள்ளி ஒரு கிழத்தம்பதி பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு யாருமில்லை.

வேலி கட்டிய ஒரு மரத்தைச் சேதுபதி காட்டினான். “வானத்துலேர்ந்து ஒருத்தி குளிக்க இறங்கினாளாம். இதுல மாட்டின சேலையை மீன்பிடிக்கிறவன் எடுத்துக்கிட்டான். அது இல்லாம பறக்க முடியாது.”

“அப்புறம்?”

“திருப்பிக் கேட்டா. ஆடிக் காட்டு, தர்றேன்னான். ஆடினா, வாங்கிக்கிட்டுப் போயிட்டா.”

“கேக்காம இருந்திருந்தா?”

“இங்கேயே மீன் கழுவிக்கிட்டுக் கிடந்திருப்பா.”

சிவகாமசுந்தரி சிரிக்கவில்லை. அவன் தோளருகே போய் ஏதோ முணுமுணுத்தாள்.

“என்ன? அலைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.”

மறுபடி முணுமுணுத்தாள். பேசும்போதே திரும்பி, பின்னாலிருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

சேதுபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அடியே, அது பைன் மரம். அண்ணி ஜாலான் புசார்ல இருக்காங்க. இங்க யாருக்குத் தமிழ் தெரியும்? சத்தமாச் சொல்லேன்!”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கிழத்தம்பதி நிமிர்ந்து பார்க்கும்படி அவள் குரல் உயர்ந்தது.

“தோ பாயோவுல ஒரு வீட்டுக்கு எழுதிப் போடுங்க! நாம தனியாப் போயிடலாம்!”