தட்டக்கூடாத கதவு

"பிடரியைப் பிடிச்சு இழுக்காதீங்க சித்தி! விடுங்க, விடுங்கன்னு சொல்றேன்ல!"

சித்தி விடவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டுக்குள் தோள்வரை கையை விட்டுப் பூனையை இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு சீறல் வந்தது, பிறகு துணி கிழியும் சத்தம், பிறகு சித்தியின் "ஐயோ!" கையை உருவிக்கொண்டு எழுந்தபோது மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மூன்று சிவப்புக் கோடுகள்.

"சனியன்! அக்காவோட நல்ல சால்வை மேல போய் உட்கார்ந்திருக்கு. இப்ப அவளுக்கு எதைப் போர்த்துறது?"

"வேற எதையாவது போர்த்துங்க. அம்மா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

"பெத்தவளை விடப் பூனை பெரிசாப் போச்சாக்கும் உனக்கு."

மகள் வாயை மூடிக்கொண்டாள். காலையிலிருந்து மூடிமூடித் தாடை வலித்தது. சித்தி கையை ஊதிக்கொண்டே கூடத்துக்குப் போனாள். அங்கேதான் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். மூன்று மணிக்கு வண்டி வரும்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த அறையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. ஒரு துணி அலமாரி, ஒரு முக்காலி, ஒரு பல்பு, அவ்வளவுதான். நேற்றுக் காலை ஒன்பதரைக்கு அம்மா இதற்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்றரைக்கு அப்பா கதவைத் திறந்தபோது முக்காலியிலிருந்து சரிந்து அலமாரியில் தலைசாய்ந்து கிடந்தாள். மாரடைப்பு என்றார் டாக்டர். உயிர் போய் அரை மணி நேரம்தான் இருக்கும், ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். யார் கேட்டார்கள் அந்த மனிதரை? அந்த ஒரு வாக்கியத்தை அவர் விழுங்கியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

மகள் குனிந்து பார்த்தாள். இருட்டுக்குள் இரண்டு கண்கள். நேற்றுக் காலை பூனை சாப்பிட்டதோடு சரி. வைத்த தட்டு வைத்தபடியே காய்ந்து கிடந்தது.

"மேனேஜர்," என்று கூப்பிட்டாள். பூனை அசையவில்லை. தேவைப்படும் நேரத்தில் இருக்கையில் இருக்கவே மாட்டான் என்று அம்மாதான் அதற்கு அந்தப் பெயரை வைத்தாள். அம்மாவுக்கு மேனேஜர்களைப் பற்றி நன்றாகத் தெரியும். மின்சார ஆபீஸில் புகார் பிரிவில் இருபத்தாறு வருஷம் போன் எடுத்தவள். கரண்ட் போனால் ஊரே அவளைத்தான் திட்டும். ஏதோ அவள்தான் ஒவ்வொரு வீட்டுக் கம்பியையும் கத்தரித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பதுபோல.

கூடத்தில் புதிதாக ஒரு குரல் கேட்டது. அப்பா பஸ் ஓட்டிய காலத்தில் அவருடன் வேலை பார்த்த கண்டக்டர். மகள் கூடத்துக் கதவு நிலையில் போய் நின்றாள்.

"எப்படிப்பா ஆச்சு?"

"உள்ள இருந்தா. நெஞ்சுவலி வந்திருக்கு. நான் போய்ப் பார்க்கல."

"எவ்வளவு நேரமா?"

"நாலு மணி நேரம்."

"நாலு மணி நேரமா?" கண்டக்டர் சுற்றிலும் பார்த்தார். "ஒரே வீடு. ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கலையா?"

"இல்லப்பா. பார்க்கல."

அவ்வளவுதான். காலையிலிருந்து பத்துப் பதினைந்து பேரிடம் இதே வார்த்தைகள், இதே வரிசை. ஒவ்வொரு தடவையும் அவள் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் அப்பா அதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொண்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! எத்தனை பேர் காறித் துப்பாத குறையாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், இந்த மனுஷனுக்கு வாய் செத்துப்போய்விட்டதா?

அவர் சொல்லாமல் விட்டது இதுதான். நேற்றுப் பன்னிரண்டரைக்கு மகள் போன் செய்தாள். அம்மா எடுக்கவில்லை. நாலு தடவை அடித்துப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"மூணு மணி நேரமா உள்ளயே இருக்கா பாப்பா. போன் அடிக்கிறது எனக்கே கேட்குது. தட்டிப் பார்க்கவா?"

"ஐயோ அப்பா, விடுங்க. கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கட்டும். தொந்தரவு பண்ணாதீங்க."

"சரி," என்று அவர் போனை வைத்தார்.

அவள் பிறந்ததிலிருந்து அவள் பேச்சில் ஒன்றையும் கேட்காத மனுஷன். சிகரெட்டை விடுங்கள் என்றாள், கேட்கவில்லை. டிவி சத்தத்தைக் குறையுங்கள் என்றாள், கேட்கவில்லை. இதை மட்டும் கேட்டார்.

அறைக்கதவில் இன்னும் அந்தக் காகிதம் ஒட்டியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒட்டியது. விலங்கு மருத்துவமனையில் அவளுக்கு வேலை. பூனையைக் கூடையில் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறோம், இது ஏன் அலமாரிக்குள்ளேயே போய் உட்காருகிறது? அவளும் சளைக்காமல் சொல்வாள். மூணு பக்கம் சுவர், ஒரு பக்கம்தான் வழி, பின்னாலிருந்து யாரும் வர முடியாது. உடம்புச் சூடு அங்கேயே தங்கும். உங்கள் துணி வாசனை இருக்கும். யாரும் கூப்பிடாத இடம் அதற்கு வேணும், இழுக்காதீங்க, அதுவா வரும்.

அப்படிச் சொல்லிவிட்டு ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது அப்பா மேனேஜரின் காலைப் பிடித்து அலமாரியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. அதே கோபத்தோடு பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள்: 'உள்ளே இருந்தால் தொந்தரவு செய்யாதீர்கள்.' அடுத்த வாரம் வந்தபோது அதன் கீழே அம்மாவின் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: 'எனக்கும் இது பொருந்தும்.'

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தாள். அரை மணி நேரம் முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்துவிட்டு, குளித்துவிட்டு வந்தவள் மாதிரி வெளியே வருவாள். "இந்த உலகத்துல யாரும் என்னைத் திட்டாத ஒரே இடம் இது," என்பாள். மேனேஜர் அவள் காலடியில், கீழ்த்தட்டில். சாத்திய கதவை யாரும் தட்டக்கூடாது. அது அந்த வீட்டுச் சட்டமாகவே ஆகிவிட்டது.

ஆனால் மருத்துவமனையில் அவள் இன்னொன்றும் சொல்வாள். உடம்புக்கு முடியாமல் போனாலும் பூனை இப்படித்தான் ஒளியும், வலியைக் காட்டிக்கொள்ளாது, வழக்கத்தைவிட அதிக நேரம் உள்ளேயே இருந்தால் கண்டிப்பாகக் கதவைத் திறந்து பாருங்கள். இதை ஒருவருக்கும் சொல்லாமல் அனுப்பியதில்லை அவள். தன் வீட்டுக் காகிதத்தில் மட்டும் எழுதவில்லை. இடமில்லையா? கோபத்தில் மறந்துவிட்டது, அவ்வளவுதான். முட்டாள்.

கூடத்தில் சித்தியின் குரல் ஏறியது. கையில் கட்டுப் போட்டிருந்தாள்; கீறலின் எரிச்சலும் சேர்ந்துகொண்டது போலிருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. எங்கக்கா உள்ள துடிச்சுக்கிட்டு இருந்திருக்கா. அத்தான் வெளியில டிவி பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார். எந்த ஊர் நியாயம் இது? ஒரு வாய் தண்ணி வேணுமான்னு கேட்க நாதியில்ல!"

அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் பஸ் ஓட்டிய கைகள் இரண்டும் முழங்காலில் சும்மா கிடந்தன.

"சொல்லுங்க அத்தான். பசிச்சதுக்கு அப்புறம்தானே பொண்டாட்டி ஞாபகமே வந்துச்சு?"

"ஆமா," என்றார் அப்பா. "பசிச்சதுக்கு அப்புறம்தான்."

மகளுக்கு உச்சந்தலை சூடேறியது. இந்த ஆமாவை யார் கேட்டது?

"பொய்," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அப்பா மட்டும் தலையைத் தூக்காமலே, "பாப்பா, உள்ள போ," என்றார்.

"போக மாட்டேன். பன்னிரண்டரைக்கு நான் போன் பண்ணேன். தட்டிப் பார்க்கவான்னு அப்பா கேட்டார். நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

"வண்டி வந்துடுச்சான்னு போய்ப் பாரு."

"தொந்தரவு பண்ணாதீங்கன்னு சொன்னேன் சித்தி. அப்ப அம்மா உயிரோட இருந்திருக்கா. டாக்டர் சொன்ன அந்த ஒரு மணி நேரம் அதுதான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க. அவரை ஏன் போட்டு வறுக்கிறீங்க?"

சித்தியின் வாய் திறந்தபடியே இருந்தது. கண்டக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். திட்டு வரும் என்று மகள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. சித்தி மெதுவாகப் போய் அக்காவின் காலடியில் உட்கார்ந்து, போர்வையின் சுருக்கத்தை இழுத்துவிட்டாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

அப்பா எழுந்தார். மகளின் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். இரண்டு நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் கோபம் இருந்தது.

"எதுக்குச் சொன்னே?"

"எதுக்குச் சொல்லாம இருந்தீங்க? யார் கேட்டா உங்களை எனக்காகத் திட்டு வாங்கச் சொல்லி?"

"திட்டு வாங்க நான் ஒருத்தன் போதாதா?" அவர் குரல் உடைந்தது. "நான் இன்னும் எத்தனை வருஷம் இருப்பேன்? உனக்கு முப்பத்திரண்டு வயசுதான் ஆகுது. இத்தனை பேரும் காலம் பூரா உன்னை அப்படிப் பார்க்கணுமா?"

"பார்த்துட்டுப் போகட்டும்!"

"நீ சொன்னா எனக்குப் புத்தி எங்க போச்சு? கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தவன் நான்."

அவள் குழாயை முழுக்கத் திறந்து, கழுவிய தம்ளர்களையே மறுபடி கழுவத் தொடங்கினாள். வாசலில் வண்டி வந்து நின்றது.

ஐந்தரைக்கெல்லாம் எல்லாம் முடிந்து திரும்பிவிட்டார்கள். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். சித்தி தன் வீட்டுக்குக் கிளம்பும்போது மகளின் தலையில் ஒரு கணம் கையை வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மகள் கூடத்தைக் கூட்டினாள், நாற்காலிகளை அடுக்கினாள், யாரோ விட்டுப்போன குடையை மாட்டிவைத்தாள். பிறகுதான் அப்பாவைக் காணோம் என்பது உறைத்தது.

மாடிப்படிக்குக் கீழே கதவு சாத்தியிருந்தது.

ஒரு நொடி அவள் அப்படியே நின்றாள். பழக்கம், கை எழவில்லை. பிறகு இரண்டு கையாலும் கதவை இடித்தாள்.

"அப்பா! அப்பா! கதவைத் திறங்க!"

"என்ன பாப்பா?" கதவு உடனே திறந்தது. அவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார், கையில் மேனேஜரின் தட்டு. "சாப்பிட மாட்டேங்குது. வீட்டுல ஒரே சத்தமா இருந்துச்சே, கதவைச் சாத்திட்டு உட்கார்ந்தா சாப்பிடும்னு பார்த்தேன். ஏன் இப்படி மூச்சு வாங்குது உனக்கு?"

அவள் சமையலறைக்குப் போனாள். இழுப்பறைகளைத் திறந்து திறந்து மூடினாள். மூன்றாவதில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. திரும்பி வந்து, கதவை விரியத் திறந்து, மேல் கீலில் வைத்து அழுத்தித் திருகினாள்.

"என்ன பண்றே?"

"கதவைக் கழட்டுறேன்."

"எதுக்கு?"

"இந்த வீட்டுல இந்தக் கதவு வேண்டாம்."

அப்பா அவளையும் கதவையும் பார்த்தார். பூனையின் தட்டைக் கீழே வைத்தார்.

"மேல இருந்து ஆரம்பிக்காதே. முதல்ல கீழ் கீல். இல்லன்னா மொத்தமா உன் மேல சாயும்."

"எனக்குத் தெரியும்," என்று எரிந்து விழுந்தாள். ஆனாலும் குத்துக்காலிட்டுக் கீழ் கீலுக்கு மாறினாள். திருகாணியின் மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள். முனை வழுக்கியது. மறுபடி வைத்தாள், மறுபடி வழுக்கிப் பெருவிரலைக் கிழித்தது. அப்போதுதான் அழுகை வந்தது, அதுவும் கோபமாகவே வந்தது.

"எனக்கு உங்க மேல கோவம்ப்பா."

"தெரியும்."

"என் மேல அதைவிடக் கோவம்."

"அதுவும் தெரியும். நேரா வெச்சு, உடம்பு பலத்தைக் கொடுத்து அழுத்து. ம். இப்பத் திருப்பு."

திருகாணி கிரீச்சிட்டுக்கொண்டு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அவள் மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு எழுந்து மேல் கீலுக்குப் போனபோது, அப்பா முக்காலியை விட்டு எழுந்துவந்து கதவின் விளிம்பை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டார். கடைசித் திருகாணி கழன்றதும் கதவின் கனம் முழுக்க அவர்கள் கைக்கு வந்தது. மெல்ல அதை நடைக்கு நகர்த்தினார்கள்.

"எங்க வைக்கிறது?" என்று கேட்டார் அப்பா.

அதை அவள் யோசித்திருக்கவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் கதவைப் பிடித்துக்கொண்டு நடையில் நின்றார்கள்.