ஏப்பம் போன வீடு

எங்கள் தெருவில் கைக்குழந்தைக்கு ஏப்பம் வரவில்லை என்றால், அது தெருவில் வேறு யாரிடமாவது போயிருக்கும். அன்று ராத்திரிக்குள் ஆளைக் கண்டுபிடித்து, முதுகைத் தட்டி வெளியே எடுத்துவிட வேண்டும். விடிந்துவிட்டால் வைத்திருப்பவருக்கு அது பழகிவிடும். பிறகு வராது. பாளையங்கோட்டையில் மற்ற தெருக்களில் எப்படியோ எனக்குத் தெரியாது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இங்கே இப்படித்தான்.

ஏப்பம் கிடைக்காமலே போனால் என்ன ஆகும் என்பதற்கு எதிர்வீட்டு ஆவுடையப்பன் இருக்கிறான். வயது முப்பது ஆகிறது. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். மீசை உண்டு. சாயங்காலம் வந்து பைக்கை நிறுத்தியதும் முழங்கால் இரண்டும் வயிற்றை நோக்கி மடங்கிவிடும், முகம் சிவந்துவிடும். அவன் அம்மா வடிவக்கா தோளில் துண்டைப் போட்டு அவனைத் தூக்கிக்கொள்வாள். அவள் என் காது உயரம்கூட வரமாட்டாள். அவனுடைய கால்கள் தரையில் இழுபட, வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்து முதுகைத் தட்டிக்கொண்டே இருப்பாள். சில நாள் ஹெல்மெட்டைக் கழற்றக்கூட நேரம் இருக்காது. அவனுக்கு இரண்டு மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்கவில்லை, எடையைக் கேட்டார்கள். அதோடு சரி.

ஐப்பசியில் ஒரு நாள் சுகிர்தாவின் மகனுக்கு ஏப்பம் வரவில்லை. சுகிர்தா என் கொழுந்தன் பெண்டாட்டி. கொழுந்தனுக்குக் கப்பலில் வேலை. அதனால் ஆபரேஷன் செய்து பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு எங்களோடு இருக்கிறாள். பிள்ளைக்கு இரண்டு மாதம். பொழுது சாய்ந்த பிறகு வயிறு முட்டப் பால் குடித்தான். தோளில் போட்டுத் தட்டினாள். வரவில்லை. மடியில் குப்புறப் போட்டுத் தட்டினாள். வரவில்லை. காலை மடக்கி, முகத்தைச் சுளித்து, உடம்பை வில்லாக வளைத்து அழ ஆரம்பித்தான். வயிறு சுண்டினால் சத்தம் கேட்கும்போல இருந்தது. ஓமத்தண்ணீர் கொடுத்தோம். பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவினோம். வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி, அனலில் வாட்டி, கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து வயிற்றில் ஒட்டினோம். இரண்டு காலையும் பிடித்து சைக்கிள் மிதிப்பதுபோல மிதிக்கவைத்தோம். அழுகை உச்சிக்குப் போய், சத்தம் நின்று, உதடு மட்டும் நடுங்கும். மூச்சு திரும்பி வரும்வரை நாங்களும் மூச்சு விடமாட்டோம்.

டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். தெருவைத் தட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அதைச் செய்யாமல் எனக்கு எதற்கு போன் செய்கிறீர்கள் என்று வைத்துவிட்டார். நியாயம்தான்.

இதில் முறை ஒன்று உண்டு. தெருவில் பிறந்தவர்களைத்தான் தட்ட வேண்டும். வாழ வந்தவர்களைத் தட்டுவதில்லை. பிள்ளையின் ஏப்பம் தெரு மண்ணில் பிறந்த முதுகைத்தான் தேடிப் போகுமாம். வெளியூர்ப் பெண்களுக்கு அந்த யோகம் கிடையாது. அதனால் தட்டுகிற வேலை எங்களுக்கு.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. நான் தூத்துக்குடி கான்வென்டில் படித்தவள். சிஸ்டர் பெனடிக்டா நாலாம் வகுப்பிலேயே எங்கள் எல்லோருக்கும் ஏப்பத்தை நிறுத்திவிட்டார். மதியச் சாப்பாடு முடிந்து வரிசையில் நிற்கும்போது வந்தால், வாயை மூடி, கன்னத்தை அசைக்காமல், ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்க்க வேண்டும். அது இறங்கிவிடும். அன்றிலிருந்து எனக்கு வந்ததில்லை. சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று விடுகிற இந்த ஜனங்களோடுதான் நான் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளையை இடது தோளில் போட்டுக்கொண்டேன். சுகிர்தா முக்காலியைத் தூக்கிக்கொண்டாள். பெற்றவள்தான் தூக்கிப் போக வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அந்த நேரத்தில் அடுத்தவர் கதவைத் திறக்கவைக்கிற வாய் எங்கள் வீட்டில் எனக்குத்தான் இருக்கிறது.

முதலில் என் கணவர். அவர் இந்தத் தெருவில் பிறந்தவர். தூக்கத்திலிருந்து எழுப்பி முக்காலியில் உட்காரவைத்தேன். உள்ளங்கையைக் குவித்து, இடுப்பிலிருந்து மேலே தட்டிக்கொண்டு போனேன். தோளை எட்டுவதற்கு முன்பே பெரிதாக ஒன்று வந்தது. பிள்ளை அழுகையை நிறுத்தினான். சுகிர்தா கையைக் கூப்பிவிட்டாள். பிள்ளை கொஞ்சம் கேட்டுப் பார்த்துவிட்டு மறுபடி அழுதான். அது அவருடையதுதான். எனக்கே தெரிந்திருக்க வேண்டும், எத்தனை வருஷமாகக் கேட்கிற ஏப்பம்.

வீடு வீடாகப் போனோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. எல்லோரும் பிள்ளை வளர்த்தவர்கள். கதவைத் திறந்ததும் பிள்ளையைப் பார்ப்பார்கள், சட்டைப் பொத்தானைக் கழற்றுவார்கள், முக்காலியில் திரும்பி உட்காருவார்கள். பரோட்டா ஏப்பம் வந்தது. மாத்திரை ஏப்பம் வந்தது. விரதம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து மீன்குழம்பு ஏப்பம் வந்தது. அவர் மனைவி விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒவ்வொன்றுக்கும் பிள்ளை அழுகையை நிறுத்திக் கேட்டான். தனதில்லை என்று தெரிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

சங்கரலிங்கம் சார் மட்டும் உட்கார மறுத்தார். கோயில் கொடைக் கமிட்டியில் வெகு நாள் பொருளாளராக இருந்தவர். அடுத்தவன் சொத்தை ஏப்பம் விட்டவன் என்று ஊர் ஏற்கெனவே பேசுகிறது, இப்போது தெருவே கேட்க நான் விட வேண்டுமா என்றார். கொடைக் கணக்கை நான் கேட்கவில்லை சார், இது பால் கணக்கு என்றேன். உட்கார்ந்தார். அவரிடம் எதுவுமே இல்லை. முதுகு காலி டின்போலச் சத்தம் போட்டது. அவர் எழுந்தபோது முகத்தில் ஏமாற்றம் இருந்தது.

தெருக்கோடிவரை போய் மறுசாரியில் திரும்பி வந்தோம். பிள்ளையின் குரல் கம்மிவிட்டது. அழுகை போய், முனகல் மட்டும் இருந்தது. ஒவ்வொரு முனகலுக்கும் அவன் முழங்கால் என் மார்பெலும்பில் வந்து குத்தியது. சத்தமாக அழுதபோதுகூட எனக்கு இவ்வளவு பயமாக இல்லை. சுகிர்தா முக்காலியை இறக்கி வைத்தாள். எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஆவுடையப்பண்ணன் எவ்வளவு கனம் இருப்பாங்க?”

“இப்பமே அத எதுக்கு நெனைக்க?”

அவள் தன் வலது தோளை இடது கையால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டாள். அது நோஞ்சான் தோள். குடத்துத் தண்ணீர் தாங்காது.

மிச்சம் இருந்தது ஆவுடையப்பன் மட்டும்தான். தன்னுடையதே இல்லாதவனிடம் அடுத்தவனுடையது எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. இருந்தாலும் தெருவில் பிறந்தவன். கதவு திறந்துதான் இருந்தது. வடிவக்கா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முக்காலியில் உட்கார அவனால் முடியாது என்பதால் அவள் தோளில் வைத்தே தட்டினேன். என் தோளில் இவன், அவள் தோளில் அவன். பிள்ளை காது கொடுத்தான். ஒன்றும் வரவில்லை.

“மன்னிச்சுக்கிடுங்க அத்தை, எங்கிட்ட இல்ல,” என்றான் ஆவுடையப்பன். பிறகு தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிள்ளையைப் பார்த்தான். “தம்பி, காலை மடக்காத. மடக்கினா பழகிரும்.”

தெருமுனையில் பால்காரரின் ஹாரன் கேட்டது. அதற்குப் பிறகு வெளுக்க அதிக நேரம் ஆகாது. சுகிர்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. துண்டு ஒன்று வாங்க வேண்டும், கெட்டித் துண்டாக, என்று மட்டும் சொன்னாள்.

வடிவக்கா வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். அவள் மகனை வாசல் பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொள்ள என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வடிவக்காவின் வலது கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பக்கத்தில் எது இருந்தாலும் தட்டும். அரிசி மூட்டையைத் தட்டும். ரேஷன் கடையில் முன்னால் நிற்பவளைத் தட்டும். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை ஒருமுறை தட்டித் தூங்கவைத்து, அவரைத் தேடி ஏஜென்சியிலிருந்து ஆள் வந்தது. இப்போது பக்கத்தில் இருந்தது என் முதுகு. கை வந்து தட்ட ஆரம்பித்தது. இடுப்பிலிருந்து மேலே, உள்ளங்கையைக் குவித்து, அவசரம் இல்லாமல். என் முதுகை யாரும் தட்டியது எனக்கு நினைவில்லை. கையை எடுங்கள் அக்கா என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயைத் திறக்க முடியவில்லை. என்னவோ ஏறி வந்துகொண்டிருந்தது. வாயை மூடினேன். கன்னத்தை அசைக்கவில்லை. ஜன்னலைத் தேடினேன். தெருவில் எங்கே ஜன்னல்?

“முதுகை இறுக்காத, தமயந்தி,” என்றாள் வடிவக்கா. “அவனும் இப்படித்தான் இறுக்குவான். விடு.”

விட்டேன்.

சின்ன ஏப்பம்தான். தாய்ப்பால் வாசனை அடித்தது, லேசாக ஓமமும். நான் பால் குடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. பிள்ளை முனகலை நிறுத்திக் கேட்டான். இந்தத் தடவை ரொம்ப நேரம் கேட்டான். பிறகு என் மார்பெலும்பில் குத்திக்கொண்டிருந்த முழங்கால்கள் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கின. கை விரல்கள் பிரிந்தன. என் கழுத்தில் எச்சில் வழியத் தூங்கிவிட்டான்.

சுகிர்தா வந்து அவனை வாங்கிக்கொண்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். முக்காலியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

வடிவக்காவின் கை நிற்கவில்லை. அதற்குச் சும்மா இருக்கத் தெரியாது என்று சொன்னேனே. இன்னொன்று வந்தது. பழகிப்போனது வராது என்பார்கள். ஆனால் சிஸ்டர் பெனடிக்டாவின் வரிசையில் முன்னால் நிற்பவள் நகர்ந்தால் பின்னால் நிற்பவளும் நகர்ந்தே ஆக வேண்டும். அது அடியாழத்திலிருந்து நிதானமாக ஏறி வந்தது. வசம்பு வாசனை அடித்தது. அந்தக் காலத்தில் பிள்ளைக்கு வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுத்தவள் எங்கள் தெருவில் வடிவக்கா ஒருத்திதான்.

பெஞ்சில் ஆவுடையப்பனின் கால்கள் நீண்டன. நீண்டுகொண்டே போய், பெஞ்சைத் தாண்டி, படியைத் தாண்டி, தெருவுக்குள் வந்து நின்றன. அவனுடைய முழு உயரத்தை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம். மீசை ஓரத்தில் எச்சில் வடிந்தது. பால்காரர் சைக்கிளை ஒடித்து, அவன் காலைச் சுற்றிக்கொண்டு போனார்.

அவன் பிறந்த மாதத்தில்தான் நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தேன். வாழ வந்தவளை யாரும் தட்டவில்லை. வடிவக்காவிடம் “எக்ஸ்கியூஸ் மீ” என்று மட்டும் சொன்னேன். அவள் பரவாயில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

அவள் கை முதன்முறையாக நின்றது. மடியில் மல்லாந்து கிடந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கித் தூக்கி ஒரு பக்கம் சரிந்த தோள் சரிந்தபடியே இருந்தது. பிறகு அவளுடைய முழங்கால்கள் இரண்டும் மெல்ல வயிற்றை நோக்கி மடங்கின. முகம் சுளித்தது. நான் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். கல்லாக இருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

“பெறந்ததிலேருந்தே இருக்கும்போல,” என்றாள். “நேரம் கிடைக்கல.”

மறுநாள் சாயங்காலம் ஆவுடையப்பன் ஆபீஸிலிருந்து வந்தான். பைக்கை நிறுத்தினான், ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான், துண்டை உதறித் தோளில் போட்டான், அம்மாவைத் தூக்கிக்கொண்டான். அவள் கால் அவன் இடுப்புக்குக் கீழே வரவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தான். தோசை வார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டுகிற சத்தம் சரியில்லை. மேலிருந்து கீழே தட்டினான். அப்படித் தட்டினால் வருவதும் இறங்கிவிடும். அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ச் சொல்லிக்கொடுத்தேன்.

வடிவக்காவுக்குப் பிறந்த ஊர் கோவில்பட்டி. ஏப்பம் அங்கே அவள் பிறந்த தெருவில் யாரிடமாவதுதான் இருக்கும். சனிக்கிழமை காலை பஸ்ஸில் கூட்டிப்போவதாகச் சொன்னான். அங்கே பிறந்தவர்களோடு வாழ வந்தவர்களையும் சேர்த்துத் தட்டு, கான்வென்டில் படித்தவள் யாராவது இருந்தால் அவளை முதலில் தட்டு என்று சொல்லி, எங்கள் முக்காலியையும் கொடுத்தனுப்பினேன். இரண்டு டிக்கெட் கேட்டானாம். கண்டக்டர் வடிவக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு, தோளில் இருக்கிற பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது என்று ஒன்றுதான் கிழித்துக் கொடுத்தாராம்.