அக்கா ஹவுஸ் கேட்கத் தொடங்கியபோது

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரே ஒரு கேள்வி. காதில் இரைச்சல் என்று பரிசோதனைக்குப் போயிருந்தேன். அங்கே எனக்கு ஹெட்போனை மாட்டிவிட்ட அம்மா, "சார், டெக்னோ மியூசிக்குக்கும் ஹவுஸ் மியூசிக்குக்கும் வித்தியாசம் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "எனக்கும் இப்பதான்…" என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. மீதி முழுக்க என் சரக்கு. பிசகினால் என்னைத் திட்டுங்கள்.

2

"ஊரார் காதுகளோடே வாழ்ந்தவள், தன் தம்பியின் இசையை மட்டும்—"

சீ, நாடகத்தனம். அடித்தாயிற்று.

இப்படி வைத்துக்கொள்வோம். காதுகளைச் சோதிப்பது அவள் வேலை. தம்பி கிளப்புகளில் பாட்டுகளைக் கலந்து ஒலிக்கவிடும் டிஜே. "டேய், அந்த டமடமாவைக் குறைடா" என்று கதவைத் தட்டுவாளே தவிர, அவன் வாசிக்கிற இடத்துக்கு ஒருநாளும் போனதில்லை.

(அந்தச் சத்தத்தில் அவன் காது போய்விடும் என்று அவள் முன்பே எச்சரிக்கவில்லையா என்பீர்கள். எச்சரித்தாள், திட்டாக. அக்கா திட்டை எந்தத் தம்பி கேட்டான்?)

கடைசியில் அவனே பரிசோதனைக்கு வந்தான். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, கனத்த ஒலிகளுக்கெல்லாம் டக்கென்று பொத்தானை அழுத்தினான். மெல்லிய, கூர்மையான ஒலிகள் வந்தபோது விரல் அசையவே இல்லை.

"இது திரும்ப வராதில்லக்கா?"

"வராதுடா."

3

இங்கே அவளை அழவைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அழுகிற ரகமில்லை, உள்ளுக்குள் புழுங்குகிற ரகம்.

அன்று மாலை அவன் அறை வாசலில் போய் நின்றாள். "எனக்கும் இதெல்லாம் சொல்லிக்கொடேன்."

"எதுக்கு, பாவம் பாக்குறியா?"

"போடா. தெரிஞ்சுக்கத்தான்."

தத்தித் தத்திக் கற்றாள். டிரம் அண்ட் பேஸ் என்ற ரகத்தைக் கேட்டு, "என்னடா, யாரோ துரத்துற மாதிரி இருக்கு" என்றாள். டிரான்ஸ் ரகப் பாட்டு ஏறிக்கொண்டே போனபோது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டெக்னோவை ஹவுஸ் என்று சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

"அக்கா, டெக்னோ மெஷின் மாதிரி ஒரே பிடியாப் போகும். ஹவுஸ்ல ஒரு குழைவு இருக்கும். டம்முக்கும் டம்முக்கும் நடுவுல 'ட்ஸ்'னு ஒரு தட்டு வருது பாரு, அதுதான் ஆளை ஆடவைக்கும்."

பாத்திரம் கழுவும்போது அவள் தோள் தானாக ஆடியது. பிடித்துப்போனதுதான் கொடுமை. இவ்வளவு காலமும் பக்கத்து அறையில்தானே இருந்தது!

4

தம்பி புதிதாக ஒரு ஹவுஸ் பாட்டு செய்திருக்கிறான். சனிக்கிழமை கிளப்பில் போடப்போகிறான். அவள் காதில் ஹெட்போனை வைத்து, "சரியா இருக்கா, நீ சொல்லு" என்கிறான். அவளிடம் அவன் அபிப்பிராயம் கேட்பது இதுதான் முதல் தடவை.

அந்த 'ட்ஸ்' அவள் காதைக் கிழிக்கிறது. தனக்குக் கேட்கிறவரை ஏற்றி வைத்திருக்கிறான், பாவி.

முடிவு அ: "சூப்பர்டா" என்கிறாள். சனிக்கிழமை கூட்டம் காதைப் பொத்திக்கொண்டு வெளியேறுகிறது.

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறாள். அவன் மெஷினை அணைக்கிறான். அதன்பின் தொடவே இல்லை.

முடிவு இ: அவள் காது, அவன் கை, இரண்டும் சேர்ந்து— உங்களுக்கு இதுதான் வேண்டும். எனக்கும்தான். இரண்டு வரிக்கு மேல் நகர மாட்டேன் என்கிறது.

ஏனென்றால், நான் இதையெல்லாம் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் வலியில் முகத்தைச் சுளித்துவிட்டாள். அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"என்னக்கா," என்கிறான், சிரிக்க முயன்றபடி, "இன்னும் பிடிக்கலையா?"

அவளுக்குப் பிடித்திருக்கிறது. அவன் நம்புகிற மாதிரி அதைச் சொல்ல என்னிடம் ஒரு வசனமும் இல்லை. உங்களிடம் இருந்தால் அவளுக்குக் கொடுங்கள்.