குடை உள்ள பதிப்பு

அரணூரின் வடக்குத் தெரு ஒரு பழைய வீடியோ விளையாட்டின் முதல் பதிப்பில் இருக்கிறது, தெற்குத் தெரு மூன்றாம் பதிப்பில். நடுவில் ஒரு வாய்க்கால். விளையாட்டு ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. வாளோடு ஒரு வீரன் வருவான், கதவைத் தட்டாமல் வீடு வீடாக நுழைந்து அலமாரியைக் குடைவான், ஊரிலிருந்து ஓர் ஆளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நாலடுக்குக் கோட்டைக்குப் போய் உச்சியில் தொங்கும் மணியை அடிப்பான். அதோடு ஆட்டம் முடியும்.

அவன் கூட்டிப்போகும் ஆள் வடக்குத் தெரு கோமளாவின் கணவர் சபாபதி. கல்யாண ஊர்வலங்களுக்குக் காஸ் லைட் தூக்குகிறவர். மூன்றாவது அடுக்கில் கூரை ஒழுகும், விளக்கு அணையும், இருட்டில் அவர் விழுந்துவிடுவார். வீரன் மட்டும் மேலே போவான். யாராவது ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினால்தான் சபாபதி மறுபடி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். அன்று மத்தியானமே வீரன் வந்து நிற்பான். கோமளாவுக்கு இப்படி நாற்பத்தொரு முறை புருஷன் போயாயிற்று. அவளுக்குப் பழகிவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். பழகவில்லை. ஒவ்வொரு முறையும் அழுதாள்.

தெற்குத் தெரு நாத்தனார் கொடுத்த ஆட்டக் குறிப்புப் புத்தகத்தில் ஒரு வழி இருந்தது. அடுப்படிப் பானைக்குள் ஒரு குடையைப் போட்டு வைக்க வேண்டும். வீரன் பானையை உடைத்துக் குடையை எடுப்பான், விளக்கு நனையாது, ஆள் வீடு திரும்புவார். கோமளாவும் ஏழெட்டு முறை போட்டு வைத்தாள். வீரன் பானையில் ஒரு முட்டு முட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். வாயைத் திறந்து சொல்லலாம் என்றால், வீரனிடம் பேச அவளுக்கு ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தார்கள்: "கிணத்துல இறங்காதீங்க தம்பி, ஈரம் ஜாஸ்தி."

நாற்பத்திரண்டாம் முறை, காபியைக் கொடுத்த கையோடு பேரூராட்சியின் குறிப்புப் பிரிவுக்குப் போனாள். எழுத்தர் ஜமீலா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"இது மூணாம் பதிப்புக்கு உள்ளதுக்கா. உங்க தெருவுல பானை உடையாது. அது வெறும் படம்."

அந்தப் படத்திலிருந்துதான் கோமளா இத்தனை வருஷமாக அரிசி எடுத்துப் பொங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப என்னம்மா பண்றது?"

"வீட்டை மூணாம் பதிப்புக்கு மாத்த எழுதிக் குடுங்க. ஒரு மணி நேரத்துல ஆயிடும். ஆனா அது கைக்குள்ள அடங்குற சின்ன விளையாட்டுப் பெட்டிக்குன்னு செஞ்ச பதிப்பு. இடம் பத்தலைன்னு உங்க வீட்டுப் பொம்பளை ஆளை எடுத்துட்டாங்க. கிணத்தடியில ஒரு ஆடு இருக்கு. உங்க வசனத்தை அது சொல்லும்."

"அதே வசனமா?"

"ஒரு எழுத்து மாறாது."

"வெயில் அடிக்குமா?"

"முருங்கை நிழல் இருக்குக்கா."

கோமளா பேனாவை வாங்கினாள். சபாபதிக்கு ரசம் வைக்க ஆள் இருக்காதே என்று வருத்தமாக இருந்தது. பிறகு கையெழுத்துப் போட்டாள். வீடு திரும்பும் வழியில் வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது நாலு காலில் நடந்துகொண்டிருந்தாள்.

மத்தியானம் வீரன் வந்தான். பானையை உடைத்தான், குடையை எடுத்தான். கிணற்றை எட்டிப் பார்த்தான், அவள் தன் வரியைச் சொன்னாள். சபாபதி விளக்கைத் தோளில் ஏற்றி, வழக்கம்போல அடுப்படிப் பக்கம் பார்த்து, "சாயங்காலம் வந்துடுறேன் கோமளா" என்றார்.

சாயங்காலம் கோட்டை மணி கேட்டது. ஆறு மணிக்கு அவர் குடையும் கையுமாக வந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீடு முழுக்கத் தேடிவிட்டுக் கிணற்றடிக்கு வந்து நின்றார்.

"கிணத்துல இறங்காதீங்க தம்பி, ஈரம் ஜாஸ்தி" என்றாள் கோமளா. சந்தோஷத்தில் அவர் கையில் நெற்றியை முட்டினாள்.

"இறங்கலைம்மா" என்றார் சபாபதி. அகத்திக்கீரை ஒரு கட்டு வாங்கிவந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினார்.

மறுநாள் காலை கயிற்றை அவிழ்த்து அவளையும் கூட்டிக்கொண்டு பேரூராட்சிக்குப் போனார்.

"ரெண்டு ஆடு இருக்கிற பதிப்பு எதும்மா?"

ஜமீலா பேரேட்டைப் பார்த்தாள். "ஆறாவது. அதுல விளக்குத் தூக்க ஆள் கிடையாது, வீரனே டார்ச் வச்சிருக்கான். ரெண்டையும் கட்ட ஒரே முளைக்குச்சிதான், பரவாயில்லையா?"

"அதான் வேணும்" என்று சபாபதி கையெழுத்துப் போட்டார்.

படிவத்தில் மனைவியின் சம்மதத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. ஜமீலா மைப்பெட்டியைக் குனிந்து தரையில் வைத்தாள். கோமளா முன்னங்கால் குளம்பை அதில் ஒற்றி, கோடு தாண்டாமல் கட்டத்துக்குள் வைத்தாள்.